மூன்றாவது பெட்டி

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அப்பாவும் இங்கே சுகம். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கமிட்டியில் சண்டை போடும் தெம்போடு இருப்பாய் என்று நம்புகிறேன்.

காகிதத்தில்தான் எழுத வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாய். உன் மின்னஞ்சலில் விடிந்ததிலிருந்து ஊர்ச் சண்டை வந்து குவிகிறது, என் கடிதமும் அதில் ஒன்றாகக் கூடாது என்கிறாய். சரி. உலகத்து இணைய வலையமைப்புகள் ஒன்றோடொன்று எப்படிப் பேச வேண்டும் என்று விதி எழுதும் கமிட்டிக்கு அக்கா தலைவி. ஒரு சின்ன இணைய நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில், வழி காட்டும் ரூட்டர்களுக்குத் தம்பி காவல். இரண்டு பேரும் தபால்காரரை நம்பிப் பிழைக்கிறோம். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

பதிலை அப்பாவின் மருந்துக் கடை முகவரிக்கே போடு. நம் வீட்டு மாடிப்படி ஏறத் தபால்காரருக்கு மூட்டு இடம் கொடுப்பதில்லை. கடையென்றால் கடிதத்தைக் கொடுத்துவிட்டு அப்படியே தைலமும் வாங்கிப் போவார்.

இனி முக்கியமான விஷயம். நேற்றுக் காலை அப்பா சட்டைப் பித்தான் போட்டுக்கொண்டே உன்னைப் பற்றிக் கேட்டார். "பாப்பா எப்படி இருக்கா? குளிரு ஒத்துக்குதாமா?" என்றார். அம்மா போன இந்த இரண்டு வருடத்தில் அவர் வாயில் உன் பேச்சு வந்தது இதுதான் முதல் தடவை. நீ நன்றாக இருக்கிறாய் என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

உடனே பதில் போடு.

உன் வால்


ஜனவரி 29

அன்புத் தம்பி வாலுக்கு,

உடம்புக்குக் குறையொன்றும் இல்லை. கண் மட்டும் சிவந்திருக்கிறது, அதற்கு நீதான் காரணம். உன் கடிதத்தை அலுவலகப் படிக்கட்டில் நின்றே படித்தேன். போகிறவர் வருகிறவரெல்லாம் என்ன ஆயிற்று என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

நிஜமாகவா கேட்டார்? போன மாதம்கூடக் கடைக்குப் போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும் "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டார். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கூட்டம் முடிய இரண்டே நாள்தானே என்று இங்கேயே இருந்துவிட்டேன். வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. "கூட்டம்தான் பெருசுன்னு இருந்தவளுக்கு இங்க என்ன வேலை?" என்றார் அப்பா. அதில் ஒரு எழுத்தை நான் மறுக்க முடியுமா? அந்த மனிதர் குளிர் ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டிருக்கிறார். எனக்கு அது போதும்.

என் வேலையைப் பற்றி அவர் கேட்டால் இப்படிச் சொல். ஒவ்வொரு வலையமைப்பும் பக்கத்து வலையமைப்பிடம், "இந்த முகவரிக்குப் போகணுமா? என் வழியா போ" என்கிறது. அது தன் பக்கத்து வீட்டுக்குச் சொல்கிறது. இப்படி வாய்வழியாகவே உலகம் முழுக்க வழி பரவுகிறது. சொன்னவனுக்கு அந்த முகவரியோடு சம்பந்தம் உண்டா என்று கேட்க ஆளில்லை. இனிமேல் முகவரிக்குச் சொந்தக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும், கேட்கிறவர் அதைச் சரிபார்க்க வேண்டும். இதுதான் எங்கள் வரைவு. டாக்டர் கையெழுத்தில்லாத சீட்டுக்கு அப்பா மருந்து தருவாரா? அதேதான்.

எங்களிடம் ஓட்டெடுப்புக் கிடையாது என்பதையும் சொல், சிரிப்பார். ஆதரிப்பவர்கள் முதலில் முனக வேண்டும், எதிர்ப்பவர்கள் அப்புறம். எந்த முனகல் கனம் என்று தலைவி காதால் எடை போட வேண்டும். யார் முனகினார் என்று தெரியாததால் பெரிய நிறுவனத்துக்குப் பயப்படாமல் முனகலாம். போன வாரம் அந்த மண்டபம் மாட்டுக் கொட்டகை மாதிரி இருந்தது.

குளிர் ஒத்துக்கொள்கிறது என்று அப்பாவிடம் சொல்லிவிடு.

அன்புடன்
அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

உன் கண் சிவப்பு இந்நேரம் ஆறியிருக்கும். எனக்கு லேசான ஜலதோஷம், ரூட்டர் அறையின் குளிர்காற்று செய்கிற வேலை. அப்பா நலம்.

மாட்டுக் கொட்டகை கதையைச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார். "பாப்பா சின்ன வயசுலேயே கெட்டிக்காரி, அவ காதுக்கு எதுவும் தப்பாது" என்றார். கம்பளிக் காலுறை போட்டுக்கொள்ளச் சொன்னார்.

உன் வரைவைப் படித்தேன். எனக்கு ஒரு வருத்தம். கையெழுத்து இல்லாத வழி அறிவிப்பை எல்லாம் தள்ளிவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்களே, நியாயமா? பெரிய இடங்கள் ஒரே வாரத்தில் கையெழுத்துப் போட்டுவிடும். எங்களை மாதிரி சில்லறை ஆட்களுக்கு அதற்குத் தனியாக ஆள் ஏது? விதி அமலுக்கு வந்த அன்றே பாதி உலகம் இருண்டுவிடும். கையெழுத்து இல்லாதவனெல்லாம் திருடனா? பொய்க் கையெழுத்து வேறு, கையெழுத்தே இல்லாதது வேறு. இரண்டையும் ஒரே குப்பைக் கூடையில் போடாதே.

கமிட்டியின் பொது மின்னஞ்சல் குழுவில் எழுது என்பாய். அங்கே வாய் திறக்க எனக்குப் பயம். நீயே பார்த்துச் செய்.

உன் வால்


மார்ச் 15

அன்பு வாலுக்கு,

ஜலதோஷம் போயிற்றா? ரூட்டருக்குக் குளிர்காற்று அவசியம், உனக்கு அவசியமில்லை. ஒரு துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொள்.

உன் கடிதத்தின் நடுப்பக்கத்தை, பெயரை எடுத்துவிட்டு, கமிட்டியில் வாசித்துக் காட்டினேன். சின்ன வலையமைப்புகளைப் பற்றி நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

இப்போது வரைவில் மூன்று பெட்டிகள். கையெழுத்துச் சரியாக இருந்தால் முதல் பெட்டி. கையெழுத்தோடு முரண்பட்டால் இரண்டாவது, அதைத் தள்ளிவிடலாம். கையெழுத்தே இல்லாவிட்டால் மூன்றாவது பெட்டி: "தெரியாது." அதைத் தள்ளக் கூடாது, வேறு நல்ல வழி கிடைக்கும்வரை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று என் கையாலேயே எழுதிச் சேர்த்தேன். பெரிய நிறுவனத்துக்காரர் ஒருவர், "இப்படி இளிச்சவாய்த்தனமா இருந்தா எப்படி?" என்று குதித்தார். குதிக்கட்டும். இறுதி முடிவு நவம்பர் கூட்டத்தில்.

அப்பா சிரித்தாரா! அம்மாவுக்குப் பிறகு அவர் சிரித்து நான் கேள்விப்படுவதே இப்போதுதான். பக்கத்து அறைப் பெண்ணிடம் சொன்னேன், வீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன். கம்பளிக் காலுறையும் வாங்கிவிட்டேன். மூன்றாவது பெட்டி பற்றி அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுது.

அன்புடன்
அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்கா,

ஜலதோஷம் போய்விட்டது, மானமும் கூடவே போய்விட்டது. மற்றபடி சுகம்.

செய்தி உனக்கே வந்திருக்கும். அந்த "சிறு நிறுவனம்" நாங்கள்தான், அந்தக் கை என்னுடையதுதான். செவ்வாய் மத்தியானம் எங்கள் முகவரித் தொகுதியை அறிவிக்கும் வரியைத் திருத்தினேன். ஒரு இலக்கம் பிசகிவிட்டது. எங்களுடையது அல்லாத ஒரு தொகுதிக்கு "எங்கள் வழியா வாங்க" என்று உலகத்துக்குத் தண்டோரா போட்டுவிட்டோம். அது ஒரு பேருந்து முன்பதிவு நிறுவனத்தின் தொகுதி. பக்கத்து வலையமைப்பு நம்பியது, அதன் பக்கத்தது நம்பியது, எல்லாரும் நம்பினார்கள். அத்தனை போக்குவரத்தும் எங்கள் ஒல்லிக் கம்பியில் வந்து இறங்கிச் செத்தது. குருவி தலையில் பனங்காய். எங்கே தப்பு என்று கண்டுபிடித்து வாபஸ் வாங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. சீட்டு எடுக்க முடியாமல் நிலையங்களில் ஜனம் திண்டாடியதாம்.

"யாருய்யா அது, ஊரு பஸ்ஸையெல்லாம் உன் வீட்டுச் சந்துல விட்டது?" என்று அலுவலகத்தில் கேட்காதவர் இல்லை. மேலாளர் மட்டும் சிரிக்கவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். "பாப்பாகிட்ட கேளு, அவ வழி சொல்லுவா" என்றார்.

உன் வால்


ஏப்ரல் 30

அன்புத் தம்பிக்கு,

சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? முதலில் அந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்.

உன்னைத் திட்ட உட்கார்ந்தேன், முடியவில்லை. விரல் பிசகாத மனிதன் எங்கே இருக்கிறான்? சொன்னதையெல்லாம் கேள்வி கேட்காமல் நம்பும் எங்கள் பழைய விதியில்தான் கோளாறு. நாங்கள் வரைவை முன்பே முடித்திருந்தால் உன் தவறு உன் அறையைவிட்டு வெளியே போயிருக்காது. மேலாளரிடம் இதைச் சொல், நான் சொன்னதாகவே சொல்.

இன்னொன்று கேட்க வேண்டும். கேட்கக் கூடாது என்று இரண்டு வாரம் அடக்கி வைத்திருந்தேன்.

வழி அறிவிப்பு வந்தால் "இதைச் சொன்னது யார்?" என்று கேட்பதே என் பிழைப்பு. உன் கடிதங்களை எடுத்து வைத்து அதே கேள்வியைக் கேட்டேன். அப்பா என்னைப் பாப்பா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அவருக்கு நான் பெரியவ, நீ சின்னவன். பாப்பா என்று கூப்பிட்டது அம்மா.

அப்பாவிடம் ஒரு சீட்டில் கையெழுத்து வாங்கி அனுப்பு. ஒரு வார்த்தைகூட வேண்டாம், கையெழுத்து மட்டும் போதும்.

அக்கா


ஜூலை 2

அக்கா,

நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

இத்தனை நாள் பேனாவைத் தொடவில்லை. தொட்டால் உண்மையை எழுத வேண்டியிருக்கும். அப்பா உன்னைக் கேட்கவில்லை. ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. சிரிக்கவும் இல்லை. காலுறை நான் சொன்னது.

வீட்டில் இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், ஒரு பேச்சும் இல்லை. உன் பெயரை எடுத்தால் எழுந்து கடைக்குப் போய்விடுவார். அவர் பக்கம் வழி திறக்கவில்லை, உன் பக்கத்திலிருந்தாவது போட்டுக்கொண்டு வருவோம் என்று நினைத்தேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்களே, நான் நாலு பொய்தானே சொன்னேன் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அப்பாவுக்குப் பேச்சு எழுத உட்கார்ந்தால் எனக்கு அம்மாவின் பேச்சுத்தான் வந்தது. அவர் எப்படிப் பேசுவார் என்பதே எனக்கு மறந்துபோய்விட்டது, அக்கா.

உன் கடிதங்களைப் படித்துவிட்டுக் கடை மேசை இழுப்பறையில்தான் போட்டு வைத்திருக்கிறேன். வீட்டுக்கு எடுத்துப்போனால் அவருக்குப் பிடிக்காதோ என்று பயம்.

நீ படிக்கட்டில் நின்று அழுததையும், காலுறை வாங்கியதையும் நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. திட்டியாவது எழுது.

தம்பி


செப்டம்பர் 8

அன்புள்ள அக்கா,

சுகமா என்று கேட்டு இரண்டு மாதம் ஆயிற்று, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபம் ஆறாவிட்டாலும் இதை மட்டும் படித்துவிடு.

நேற்று அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். இப்போதெல்லாம் நின்று வியாபாரம் செய்ய முடிவதில்லை, ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டிருக்கிறேன். அதில் உட்கார்ந்துகொண்டு மாத்திரை அட்டைகளை அடுக்கியபடி, "பெரியவகிட்ட இருந்து ஏன் லெட்டர் வரல?" என்றார்.

சாப்பாட்டுத் தூக்கை மேசைமேல் வைத்தேன். அவரே தொடர்ந்தார்.

"அந்த மூணாவது பெட்டி என்ன ஆச்சு? ஒத்துக்கிட்டாங்களா இல்லியா?"

"அது உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

"கடை இழுப்பறையில போட்டா கடைக்காரன் படிக்காம என்ன செய்வான்?"

எல்லாவற்றையும் படித்திருக்கிறார், அக்கா. ஜனவரியிலிருந்து. அவர் சொல்லாததை அவர் சொன்னதாக நான் எழுதியதும், அதற்கு நீ பதில் எழுதியதும் அவருக்குத் தெரியும். "அப்பவே ஏம்ப்பா கேக்கல?" என்றேன். "கேட்டா நீ நிறுத்திருப்பியே" என்றார்.

அப்புறம் மருந்துச் சீட்டு ஒன்றோடு ஆள் வந்துவிட்டது. அந்த ஆள் போன பிறகு, அப்பா என் முகத்தைப் பார்க்காமல், "அவள வரச் சொல்லு" என்றார்.

இது அவர் சொன்னது. என்மேல் சத்தியமாக அவர் சொன்னது. வா, அக்கா.

உன் தம்பி


செப்டம்பர் 27

தம்பிக்கு,

நான் நலம். அப்பாவுக்கு ஸ்டூல் வாங்கிப் போட்டது நல்லது.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். நம்ப ஆசையாகத்தான் இருக்கிறது. ஜனவரியிலும் ஆசையாகத்தான் இருந்தது. நீ நன்றாகக் கதை சொல்கிறாய். பெரியவ என்ற வார்த்தையை நான்தானே உனக்கு எடுத்துக் கொடுத்தேன்? இனி அந்த வார்த்தையை வைத்து நான் எதைச் சரிபார்ப்பது?

சூடு கண்ட பூனை நான். நேராகக் கடைக்குப் போன் செய்து இன்னொரு "ராங் நம்பர்" கேட்க எனக்குத் தெம்பில்லை. வாசலில் வந்து நின்று, அவர் எழுந்து உள்ளே போவதைப் பார்க்கவும் தெம்பில்லை. நான் கேட்டது ஒரு கையெழுத்து. அது வந்தால் வருகிறேன். நவம்பர் கூட்டத்துக்கு வரைவை இறுதியாக்கும் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது.

அக்கா


அக்டோபர் 12

அன்புள்ள அக்கா,

உன் நலத்துக்குக் குறைவிருக்காது என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். அப்பா பரவாயில்லை.

உன் கடிதம் வழக்கம்போலக் கடைக்குத்தான் வந்தது. இந்தத் தடவை என்னிடம் கொடுக்குமுன் அவரே பிரித்துப் படித்துவிட்டார். கோபப்படுவார் என்று பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "சரியாத்தான் கேக்குறா. கையெழுத்து இல்லாம நான் யாருக்காவது மருந்து குடுத்திருக்கேனா?" என்றார். குரலில் என்ன பெருமை தெரியுமா!

சிக்கல் என்னவென்றால், அவருக்குக் கை நடுங்குகிறது. சீட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துத் தினமும் ஒன்றிரண்டு போட்டுப் பார்க்கிறார். நடுவில் பேனாவை வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொள்கிறார். போட்டதைத் தள்ளிப் பிடித்துப் பார்த்து, "இதக் கொண்டுவந்தா நானே மருந்து தர மாட்டேன்" என்று கிழித்துப் போடுகிறார். எடுத்து அனுப்புகிறேன் என்றால் கையைத் தட்டிவிடுகிறார். "அவ வேலையே அதான்டா. கோணலா இருந்தா திருப்பி அனுப்பிருவா." போன் போட்டுத் தருகிறேன் என்றாலும் ஒப்பவில்லை. "போன்ல என்ன பேச்சு? நேர்ல வரட்டும்."

அக்கா, நான் கேட்டுக்கொள்கிறேன். கையெழுத்து பின்னால் வரட்டும், நீ முன்னால் வந்துவிடு.

உன் வால்


நவம்பர் 3

அன்பு வாலுக்கு,

நீயும் அப்பாவும் நலமாக இருக்க வேண்டும். உன் கடிதம் என் அலுவலகத்தில் கிடந்து, கூட்டம் நடக்கும் இந்த ஊருக்குத் தாமதமாக வந்து சேர்ந்தது. காலையில் படித்தேன். மத்தியானம் இன்னொரு தடவை படித்தேன். அவர் கிழித்துப் போடுகிறார் என்று எழுதியிருக்கிறாயே, அதை உன்னால் கற்பனை செய்ய முடியாது. அதைச் செய்ய அப்பா ஒருவரால்தான் முடியும். நம்புகிறேன் என்று நினைக்கிறேன்.

அடுத்த வியாழன் அன்று முனகல். முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக அங்கேதான். இவ்வளவு வருட வேலை, தலைவி நடுவில் எழுந்துபோனால் மூன்றாவது பெட்டியைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். அதற்காகத்தான் இருக்கிறேன்.

அப்பாவிடம் சொல், அவசரமே இல்லை. நிதானமாகப் போடட்டும்.

அன்புடன்
அக்கா


டிசம்பர் 1

அன்புள்ள அக்கா,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. வேளைக்குச் சாப்பிடு. நான் சாப்பிடுகிறேன்.

நீ இங்கே இருந்தபோது பேச முடியாததை எழுதுகிறேன். உன் கடைசிக் கடிதம், முனகல் இருந்த வாரத்துத் திங்கட்கிழமை வந்தது. அப்பா படித்துவிட்டு, "பாத்தியா, நிதானமா போடச் சொல்லியிருக்கா" என்று தபால்காரரிடமும் காட்டினார். அப்பாவின் முகம் அவ்வளவு தெளிவாக இருந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் போட்டதில் ஒன்றை மட்டும் கிழிக்கவில்லை. "இது பரவால்ல. நாளைக்கு இன்னொண்ணு பாப்போம்" என்று மருந்து அரைக்கும் சின்னக் கல்லுரலை அதன்மேல் வைத்தார். மறுநாள் கடையைத் திறந்து, ஸ்டூலில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே போய்விட்டார். நீ கூட்டத்தை விட்டுவிட்டு அன்றே கிளம்பினாய். ஆனாலும் அம்மாவுக்கு வந்த மாதிரியேதான் வர முடிந்தது.

அவருக்கு நெஞ்சு சரியில்லை என்று டாக்டர் ஆகஸ்டிலேயே சொல்லியிருந்தார். உன்னிடம் சொல்லக் கூடாது என்றார் அப்பா. "பாவம்னு வர வேண்டாம். வரணும்னு வரட்டும்." அதைத்தான் நான் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் நீ நம்பியிருக்க மாட்டாய் என்று இப்போது தேற்றிக்கொள்கிறேன். அது எவ்வளவு பெரிய பொய் என்று எனக்குத் தெரியும்.

அந்தச் சீட்டை நீ இருந்தபோது கொடுக்க மனம் வரவில்லை. இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன் வால்


டிசம்பர் 22

அன்பு வாலுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. மனசைப் பற்றிக் கேட்காதே.

செய்தி வந்திருக்கும். நான் இல்லாமலேயே முனகினார்கள், நான் இல்லாமலேயே வரைவு நிறைவேறிவிட்டது. மூன்றாவது பெட்டியை யாரும் தூக்கி எறியவில்லை. நான் காவல் இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு தடவையும் எனக்குக் கூட்டம்தான் கிடைத்தது.

உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆகஸ்டில் நீ எழுதியிருந்தால் இன்னொரு கதை என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பேன். அந்த அளவுக்கு என்னை நானே பூட்டி வைத்திருந்தேன்.

ஊருக்கு உபதேசம் என்பார்கள், அது நான்தான். கையெழுத்து இல்லை என்பதற்காகத் தள்ளாதே, பொய் என்று தெரியும்வரை ஏற்றுக்கொள், இல்லாவிட்டால் பாதி உலகம் இருண்டுவிடும் என்று உலகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நீ. அதே நீ "வா அக்கா" என்று எழுதியபோது குப்பைக் கூடையில் போட்டேன். ஒரு ரூட்டருக்குக் கொடுத்த சலுகையை உனக்குக் கொடுக்கவில்லை. அப்பாவுக்கும் கொடுக்கவில்லை. செப்டம்பரிலேயே வந்திருந்தால் அந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில் எத்தனை நாள் நின்றிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கிறேன். வேறு வேலை ஓடவில்லை.

சீட்டு என் மேசையில் இருக்கிறது. எழுத்து கோணலாக இருக்கிறது. கடைசிக் கோடு காகிதத்தைவிட்டே வெளியே போயிருக்கிறது. அப்பாவின் பழைய கையெழுத்தோடு வைத்துப் பார்த்தேன், ஒத்துப்போகவில்லை. இது அவர் போட்டதா, என் மனசு ஆறட்டும் என்று நீ போட்டதா என்று கேட்கப் போவதில்லை. நீயும் சொல்ல வேண்டாம். ஏற்றுக்கொண்டேன்.

கடையை என்ன செய்வது என்று நான் வந்து பேசலாம். அதுவரை கடை முகவரிக்கே எழுதுகிறேன். படித்து முடித்ததும் இந்தக் கடிதத்தையும் அந்த இழுப்பறையில் போட்டு வை. பூட்டாதே.

அன்புடன்
பெரியவ